பெட்டிக்குள் சிக்கிய சாவி

திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய உறுதியான பூட்டால் பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் சாவி இருந்துவிட்டால் என்ன செய்வது? கணினிக்கூடங்களில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தானியக்கமாக நிறுவுவோர் இதையொத்த சிக்கலைச் சந்திப்பதுண்டு.

நாற்பது கணினிகளிலும் ஒருவரே அமர்ந்து விடையளிப்பது அரிது. ஆதலால், நிறுவல் நிரல் கேட்கும் வினாக்களுக்குரிய விடைகளை ஒரே கோப்பில் எழுதி, வலையமைப்பின் வழங்கிக் கணினியில் வைப்பர். டெபியன் லினக்ஸில் இது 'பிரீசீட்' கோப்பு எனப்படும். இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

ஒரு கணினியில் கம்பிவழி, கம்பியில்லா வழி என இரு வலையமைப்பு இடைமுகங்கள் இருக்கலாம். எதன்வழி இணைவது என நிறுவல் நிரல் வினவும். விடை கோப்பில் உள்ளது. கோப்போ வலையமைப்புக்கு அப்பால் உள்ளது. இடைமுகத்தைத் தேர்ந்தாலன்றிக் கோப்பு வந்து சேராது. எனவே, நிறுவல் அங்கேயே நின்றுவிடும்.

இவ்விடையை மட்டும் கணினியின் தொடக்கக் கட்டளை வரியில் எழுதுவதே தீர்வாகும். இடைமுகத்திற்கு 'ஆட்டோ' என மதிப்பளித்தால், இணைப்புள்ள இடைமுகத்தை நிரல் தானே தேர்ந்துகொள்ளும். இரண்டிலும் இணைப்பு இருப்பின், உரிய இடைமுகத்தின் பெயரையே குறிப்பிடுதல் நன்று.

கோப்பில் எழுதிய விடை சரியானதே. வினா எழுமுன் அது வந்து சேராததே பிழை. பிழை நேருமிடத்து, விடையோடு அது சென்றடையும் வரிசையையும் ஆராய்தல் வேண்டும்.