அம்மாவின் கணக்கில் நுழையும் பிள்ளை

2020 மார்ச் 13ஆம் திகதி இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும் இழுபட்டு, ஆரம்பப் பிரிவுகள் மீண்டும் கட்டம் கட்டமாகத் தொடங்கியது 2021 ஒக்டோபரில்தான். அந்த ஒன்றரை வருடத்தில் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பாடம் வட்ஸ்அப் வழியாக வந்தது. லயத்துக்குள் சிக்னல் எட்டாத பிள்ளைகள் மலையேறி நின்று பாடத்தை இறக்கினார்கள். கடன்பட்டு போன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாயானதே 2021 மார்ச்சில்தான் என்பதை நினைத்தால், அந்தப் போனுக்குக் கொடுத்த விலை புரியும்.

பாடசாலை திறந்தது. போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள் இன்றும் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அதனால் "போனைத் தொடாதே" என்று எந்தப் பெற்றோராலும் முழுதாகச் சொல்ல முடியாது. அம்மா மலையில் கொழுந்து பறிக்கும் பிற்பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அப்பாயியோ அம்மாயியோ. தாய் மத்திய கிழக்கிலும் தகப்பன் கொழும்புக் கடையிலும் இருக்கும் வீடுகளில் முழுநாளும் அவர்கள்தான். போனில் பிள்ளை என்ன பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

தோட்டத்து ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு இணையத்தில் முதல் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் ஒரே போன். அதில் ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் பதிந்திருப்பது ஒரு பெரியவரின் வயது. எட்டு வயதுப் பிள்ளை அதைக் கையில் எடுக்கும்போது, மறுமுனையில் உள்ள நிறுவனத்துக்குத் தெரிவது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் மட்டுமே.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு உலக நடப்பைப் பார்க்கலாம். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாம் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்குத் திறக்கக் கூடாது என்கின்றன. 13 என்ற இந்த எல்லைக்கு அடிப்படை, 13 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டம். அதை மீறியதாகத் தொடுத்த வழக்கில் கூகுளும் யூடியூபும் 2019 செப்டெம்பரில் 17 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டன. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. இந்தக் காவல்களில் பெரும்பாலானவை கணக்குக்குரியவரின் வயதைப் பார்த்தே வேலை செய்பவை. கணக்கு அம்மாவுடையது என்றால் அவை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது.

யூடியூபை எடுத்துக்கொள்வோம். பிள்ளை தரம் மூன்று கணிதப் பாடத்தைத் தேடிப் பார்க்கிறது. பாடம் முடிந்ததும் அடுத்த காணொளி தானாக ஓடத் தொடங்குகிறது. அடுத்தது எது என்று தீர்மானிப்பதில் அந்தக் கணக்கில் இதுவரை பார்த்தவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அப்பா இரவில் பார்த்த சண்டைக் காட்சியும் மாமா பார்த்த ஆபாசப் பாட்டும் அவற்றில் அடங்கும். சிறுவர் கார்ட்டூன் போலத் தோன்றி உள்ளே வன்முறையும் ஆபாசமும் வைத்த காணொளிகள் யூடியூபில் மலிந்திருப்பது 2017இல் வெளியே வந்து, பல சேனல்கள் நீக்கப்பட்டன. பொருத்தமற்றவற்றை வடிகட்டும் கட்டுப்பாட்டு முறை யூடியூபிலேயே இருக்கிறது. ஆனால் பெரியவரின் கணக்கில் அது தானாக இயங்காது. நாமே போய் இயக்க வேண்டும்.

அடுத்தது விளையாட்டு. 2017இல் வந்த 'ஃப்ரீ ஃபயர்' என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டு மலிவான போனிலும் ஓடும். அதனாலேயே தோட்டப் பிள்ளைகளிடமும் பரவியது. இந்தியா 2022 பெப்ரவரியில் தகவல் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைத் தடை செய்தது. இந்த விளையாட்டில் முகம் தெரியாதவர்களோடு அணி சேர்ந்து, ஆடும்போதே குரலில் பேசிக்கொள்ளலாம். ஆபத்து சுடுவதைவிட இந்தப் பேச்சில்தான் அதிகம். பிள்ளைகளைக் குறிவைப்பவர்கள் செல்லும் வழி உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் விளையாட்டுத் தோழன். பிறகு விளையாட்டுக்குள் செலவழிக்க 'டயமண்ட்' வாங்கித் தரும் அண்ணா. பிறகு வட்ஸ்அப் நம்பர் கேட்பான். "இது நமக்குள் இருக்கட்டும், அம்மாவிடம் சொல்லாதே" என்பான். அதற்குப் பிறகு ஒரு படம் கேட்பான். படம் போய்ச் சேர்ந்த நிமிடமே அண்ணாவின் குரல் மாறும். இன்னொன்று அனுப்பு, இல்லாவிட்டால் இதை எல்லோருக்கும் காட்டுவேன் என்பான்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைப்பது தவறு. இணையத்திலிருந்து சிறுவர் பாலியல் படங்களை அகற்றுவதற்கென்றே 1996 முதல் பிரித்தானியாவில் இயங்குகிறது இன்டர்நெட் வொட்ச் பவுண்டேஷன். 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் பிறரின் தூண்டுதலாலோ மிரட்டலாலோ தாமே கமெரா முன் நின்று எடுத்த படங்கள் தொடர்பாக அது 2022இல் கையாண்ட அறிக்கைகள் 60,000க்கும் மேல். இது முந்தைய வருட எண்ணிக்கையின் இரு மடங்கைத் தாண்டியது. அந்தப் பிள்ளைகளில் பலர் இருந்தது சொந்த வீட்டில், சொந்த அறையில். சில வேளைகளில் பக்கத்து அறையிலேயே பெரியவர்கள் இருந்தார்கள்.

இனி, யாரும் சந்தேகிக்காத இடத்துக்கு வருவோம். வகுப்பு வட்ஸ்அப் குழுவைத் திறந்து உறுப்பினர் பட்டியலைக் கீழே இழுத்துப் பாருங்கள். நாற்பது ஐம்பது நம்பர்கள் வரிசையாக நிற்கும். ஒரு நம்பரைத் தொட்டால் பக்கத்தில் உள்ள படம் பெரிதாகும். முதலாம் வகுப்பில் சேர்ந்த அன்று எடுத்த படம் அது. வெள்ளைச் சீருடை, சட்டையில் குத்திய பெயர் அட்டை, பின்னால் பாடசாலைப் பெயர்ப்பலகை. அந்த ஒரே திரையில் தாயின் போன் நம்பர், பிள்ளையின் முகம், பெயர், பாடசாலை நான்கும் இருக்கின்றன. குழுவின் இணைப்பு கைமாறிப் போயிருந்தால், யாரென்று தெரியாத ஒருவரும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். குழுவை நடத்தும் ஆசிரியர் செய்ய வேண்டியவை மூன்று. புதியவர் சேர நிர்வாகியின் ஒப்புதல் கட்டாயம் என்று அமைக்க வேண்டும். பிள்ளை விலகிச் சென்ற குடும்பத்தின் நம்பரை நீக்க வேண்டும். பாடக் குறிப்பு மட்டும் போனால் போதும் என்றால், நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பும்படி மாற்ற வேண்டும். பெற்றோர் தம் பங்குக்கு முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் அதிகச் செலவில்லாதவைதான். முதலில் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். தெரியாத மொழியில் உள்ள அமைப்புகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அண்ட்ரொய்ட் போனில் திரையை ஒரே செயலியில் பூட்டிவைக்கும் வசதி 2014 முதல் இருக்கிறது. வெளியேறப் பூட்டு எண் கேட்கும்படி அமைத்து, வினாத்தாளைத் திறந்து பூட்டிக் கொடுத்தால், அந்த எண் தெரியாமல் பிள்ளை அதைவிட்டு வெளியே போக முடியாது. ஒரே போன் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் இல்லை. பிளே ஸ்டோரில் பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்கி இலக்கம் வைத்தால் வயதுக்கு மீறிய செயலிகள் இறங்காது. இந்த இலக்கங்கள் அப்பாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைக்குத் தெரியக் கூடாது. போன் பார்ப்பது இஸ்தோப்பிலோ எல்லோரும் இருக்கும் இடத்திலோதான் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் அம்மாவோடு பேசி முடிந்ததும் போன் பெரியவர் கைக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொரு தவறு நல்லெண்ணத்தில் நடக்கிறது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்த காணொளி வந்தால், "குற்றவாளியைப் பிடிக்கும்வரை பகிருங்கள்" என்று பலர் அனுப்பிவிடுகிறார்கள். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணையக் கணக்கின் வழியான சிறுவர் துஷ்பிரயோகத்தைக் குற்றமாக்குகிறது. ஒவ்வொரு பகிர்வும் அந்தப் பிள்ளையை இன்னொருமுறை காயப்படுத்துகிறது. அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் அனுப்பாமல் நேரே முறையிடுங்கள்.

முறையிட வேண்டிய இடம் 1929. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 24 மணிநேரமும் தமிழில் பேசலாம். பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. கணக்கு திருடு போனால் இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101இல் அழைக்கலாம். மிரட்டல் வந்த போனில் எதையும் அழிக்க வேண்டாம். அனுப்பியவரின் நம்பரும் பெயரும் நேரமும் தெரியும்படி மிரட்டல் செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்த பிறகே அவரைத் தடுக்க வேண்டும். பிள்ளையின் படத்தை மட்டும் பிரதி எடுக்கக் கூடாது. கேட்ட பணத்தையோ படத்தையோ கொடுத்தால் மிரட்டல் நிற்காது, கூடும்.

இத்தனை வசதியும் பயன்படுவது பிள்ளை வாய் திறந்தால்தான். பெரும்பாலான பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் பயம். அடி விழும், போன் பறிபோகும், பாடசாலைக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் லயத்தில், மானம் போகும் என்ற பயம் பெரியவர்களையும் வாயடைக்கிறது. மிரட்டுபவன் நம்பியிருப்பதும் இந்த மௌனத்தையே. ஆகவே ஒன்றும் நடக்காத நாளிலேயே பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டும்: "யார் என்ன கேட்டாலும், நீ என்ன அனுப்பியிருந்தாலும், என்னிடம் வந்து சொல்லு. நான் அடிக்க மாட்டேன்." சொன்னபடி நடக்கவும் வேண்டும். முதல் தடவை பிள்ளை உண்மையைச் சொல்லி அடி வாங்கினால், இரண்டாவது தடவை சொல்ல வராது.

நோர்வூட் பக்கத்து ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலையும் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அரை மணிநேரத்தை இதற்கு ஒதுக்கட்டும். கூட்டத்துக்கு அப்பாயிகளையும் அம்மாயிகளையும் பெயர் சொல்லி அழையுங்கள், போனோடு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு போனிலும் கட்டுப்பாட்டு முறையை இயக்கி, 1929ஐப் பதிந்து, பூட்டிக் கொடுப்பது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டிய பிறகு கூட்டத்தை முடியுங்கள். பாடத்துக்காகப் போனை வீட்டுக்குள் வரவழைத்தது நாம். அதைப் பிள்ளைக்குப் பாதுகாப்பாக்கிக் கொடுக்கும் பொறுப்பும் நம்முடையதே.