ஃப்ளாமினியோ விளையாட்டரங்கம், ரோம்

பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி, தம் மகன் அன்டோனியோவுடன் இணைந்து 1960 ஒலிம்பிக்குக்காக வடிவமைத்த அரங்கம் இது. பிரதான பார்வையாளர் மாடத்தின் மேலுள்ள மடிப்பு மடிப்பான கான்கிரீட் கூரையைப் பாருங்கள். மெல்லிய சாய்கால்கள் அதைத் தாங்குகின்றன.

இந்த அரங்கத்துக்கு இத்தாலிய ரக்பி வரலாற்றிலும் இடம் உண்டு. இத்தாலிய ரக்பி கூட்டமைப்பு 1928இல் தொடங்கப்பட்டது. 1996 முதல் 2012 வரை அதன் தலைவராக இருந்தவர் ஜான்கார்லோ டோண்டி. ஐரோப்பாவின் ஐந்து நாடுகள் போட்டியில் தம் நாட்டுக்கும் இடம் கேட்டு உழைத்தவர். 1997 மார்ச்சில் கிரனோபிள் நகரில் பிரான்ஸை இத்தாலி 40-32 என வென்றது அந்தக் கோரிக்கைக்கு வலு சேர்த்தது. 2000இல் இத்தாலி ஆறாவது நாடாகச் சேர, அது ஆறு நாடுகள் போட்டியானது.

அந்த ஆண்டு பிப்ரவரி 5 அன்று இதே மைதானத்தில் இத்தாலியின் முதல் ஆட்டம். எதிரணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான ஸ்காட்லாந்து. டியேகோ டொமிங்கெஸ் ஆறு பெனால்டி, மூன்று டிராப் கோல், ஒரு கன்வர்ஷன் என உதைத்தே 29 புள்ளிகள் சேர்த்தார். ஜாம்பியேரோ டி கார்லி ஒரு டிரை அடித்தார். இத்தாலி 34-20 என வென்றது. டோண்டியின் பதவிக்காலத்தில் இதற்கு நிகரான நாள் அரிது.

2011 வரை ஆறு நாடுகள் போட்டியில் இத்தாலி சொந்த மண்ணில் ஆடிய ஆட்டங்கள் இங்கே நடந்தன. 2012இல் ரோமின் ஒலிம்பிக் அரங்கத்துக்கு மாறின.