துருப்பிடித்த டாங்க், துரத்தும் சட்டம்

பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். தில்லியில் அதன் பிறகுதான் தலைவலி ஆரம்பம்.

கிழக்கு தில்லியின் மயூர் விஹாருக்கு உத்தரப் பிரதேச எல்லை கூப்பிடு தூரம். 2025 ஜூலை 1-ம் தேதி அந்தத் தூரத்துக்குத் திடீர் மதிப்பு வந்தது. 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் தில்லி பங்குகளில் எரிபொருள் கிடையாது என்ற தடை அன்று அமலானது. எண் பலகையைப் படித்து வயதைக் கண்டுபிடிக்கப் பங்குகளில் காமிரா. பறிமுதல் செய்யப் போலீஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் நொய்டாவில் அந்த விதிக்கு நவம்பர் 1 வரை அவகாசம். அதே வண்டிக்கு அங்கே தாராளமாக பெட்ரோல் கிடைத்தது.

தடை ஒரு வாரம்தான் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாளே தில்லி அரசு நிறுத்திவைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. 8-ம் தேதி காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அதை நவம்பருக்குத் தள்ளிப்போட்டது. ஆனால் பழைய மோட்டார் சைக்கிளுக்கு மீண்டும் உயிர் கொடுக்க ஆசைப்படுபவருக்கு இது இரண்டாவது எரிபொருள் பிரச்சினை. முதலாவது டாங்குக்குள்ளேயே இருக்கிறது.

எண்பதுகளில் குடியிருப்புகள் முளைத்த பகுதி மயூர் விஹார். அரசு ஊழியர்களும் பத்திரிகைக்காரர்களும், அவர்களில் கணிசமாகத் தமிழர்களும் மலையாளிகளும் குடியேறினார்கள். அந்தக் காலத்தில் வாங்கிய வண்டிகள் மாடிப்படிக்கு அடியில் கிழிந்த உறைக்குள் தூங்குவது இங்கே அதிசயமல்ல. 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் பிறந்த புல்லட், 1996-ல் மூடப்பட்ட மைசூர் ஐடியல் ஜாவா ஆலையின் யெஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், 1985-ல் வந்து இளைஞர்களைக் கிறங்கடித்த யமஹா ஆர்.எக்ஸ்.100. எது எழுந்தாலும் முதல் புகார் ஒன்றுதான்: "கிக் அடித்துக் கால் வலிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை."

உடனே கார்புரேட்டரைக் கழற்றுவது அவசரக்காரர் வேலை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் ஒட்டவைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒரு கிக் அடித்தால் நீலப் பொறி வருகிறதா என்று தெரிந்துவிடும். கார்புரேட்டர் மேல் போடப்படும் பழிகளில் பல உண்மையில் தேய்ந்த பாயின்ட்டும் செத்த கண்டென்சரும் செய்த குற்றங்கள்.

பொறி சரியென்றால் பெட்ரோலின் வழியைப் பின்தொடர வேண்டும். குழாயைக் கார்புரேட்டரிலிருந்து உருவி ஒரு பாட்டிலில் விட்டுக் காக்கைத் திறந்தால் பெட்ரோல் தடையின்றி ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கின் சல்லடையில் துரு அடைத்திருக்கிறது. நன்றாக ஆரம்பித்து சற்று நேரத்தில் இளைத்தால் டாங்க் மூடியில் காற்று நுழையும் துளை அடைபட்டிருக்கிறது. மூடியைத் திறந்ததும் ஓட்டம் திரும்பினால் சந்தேகமே இல்லை. பத்து கிலோமீட்டர் ஓடி நின்று, அரை மணி கழித்து எதுவும் நடக்காததுபோல் கிளம்பும் வண்டிகளில் பலவற்றின் ரகசியம் இந்தத் துளை.

துருப்பிடித்த டாங்குக்குப் பட்டறைகளின் பழைய வைத்தியம், உள்ளே கைநிறைய நட்டும் போல்ட்டும் போட்டுக் குலுக்குவது. வினிகர் ஊற்றி ஓரிரு நாள் ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, ஈரம் துளியுமின்றி உலர்த்துவதும் உண்டு. இதைச் செய்யாமல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது வீண். அடுத்த வாரம் அதே செம்பொடி அதே துளையில் உட்காரும்.

அந்தத் துளையில்தான் கதையே இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோலின் இலேசான பாகங்கள் ஆவியாகி, மிச்சம் பிசினாகிறது. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயிலும் சேர்ந்து அடியில் படிகிறது. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எஞ்சின் ஐடிலில் ஓடத் தேவையான பெட்ரோல் முழுவதும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். சோக் போட்டால் ஓடி, எடுத்ததும் செத்துப்போகும் வண்டி இந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறது. ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். மின்கம்பியின் ஒற்றைச் செம்பிழையும் உதவும். குண்டூசி மட்டும் ஆகாது. பித்தளை மெத்தென்ற உலோகம், ஒரே குத்தில் துளை பெரிதாகிவிடும். அப்புறம் அந்த வண்டி பெட்ரோலைக் குடிப்பதை எந்த மெக்கானிக்காலும் நிறுத்த முடியாது.

எதிர்க் கோளாறும் உண்டு. நின்ற இடத்தில் பெட்ரோல் ஒழுகினால் ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை, அல்லது பித்தளை ஃப்ளோட்டே ஓட்டையாகிவிட்டது. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோல் சலசலக்கும். கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று கசிந்தாலோ ஐடில் நிலையாக நிற்காது. ஓடும்போது அந்த விளிம்பில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலைத் தடவினால் சத்தம் மாறும், கள்ளன் பிடிபடுவான்.

உதிரி பாகங்களுக்குக் கரோல் பாக். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் நேராகப் போகலாம், கார்புரேட்டரைப் பையில் போட்டுக்கொண்டே. (உள்ளே மிஞ்சிய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் போவது உத்தமம், எரியும் பொருளுக்கு மெட்ரோவில் அனுமதி கிடையாது.) புல்லட்டின் மிக்கார்ப் கார்புரேட்டர், ஜப்பானின் மிகுனியோடு கைகோத்த சென்னை யூகால் நிறுவனத்தின் தயாரிப்பு. அதற்குச் சாமான் கிடைப்பது எளிது. பழைய ஜாவாவின் செக்கோஸ்லோவாகிய ஜிகோவுக்கு அலைய வேண்டும்.

இத்தனையும் முடித்து, புத்தம் புதிய பெட்ரோலை ஊற்றினால் அந்தப் பெட்ரோலே புதுப் பிரச்சினை. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக, பழைய ஜெட் பழைய அளவிலேயே ஊற்றினால் கலவையில் காற்று மிஞ்சுகிறது, எஞ்சின் சூடேறுகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி புகையிலுள்ள ஆக்ஸிஜனை மோப்பம் பிடித்துத் தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. அதற்காக பிளக்கைப் பார்த்துக் கை வைத்தியம் செய்ய வேண்டும்: காப்பிப் பொடி நிறமென்றால் சரி, வெளுத்திருந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குவது அல்லது ஒரு எண் பெரிய ஜெட் போடுவது. டூ ஸ்ட்ரோக்கில் இதை அலட்சியம் செய்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நீர் அதிகமானால் சாராயமும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடிக்குப் போகும், காக் உறிஞ்சும் அதே இடத்துக்கு. பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊதிப் பிளக்கும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களைச் சீக்கிரம் மாற்ற நேரலாம், செலவு குறைவுதான் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புக்கொண்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்ற பொதுநல மனுவை செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வண்டி இப்போது ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடலாமா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 15 ஆண்டு வரம்பை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்ட் 12-ல் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பர் 17-ல் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4 மற்றும் அதற்கு மேற்பட்ட தர வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. மாடிப்படிக்கு அடியில் நிற்பவை எதுவும் அதில் அடங்காது.

50 வயது நிரம்பினால் வேறு கதை. 2021-ன் மத்திய விதிப்படி அது 'வின்டேஜ்'. 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினசரி ஆபீசுக்கு அல்ல. 1972-ம் வருட ஜாவா தப்பிவிடும். 1988-ம் வருட ஆர்.எக்ஸ்.100 பாவம், ஓடுவதற்குக் கிழடு, கௌரவிப்பதற்குப் பொடியன்.

டூ ஸ்ட்ரோக்குக்கு வக்காலத்து வாங்குவது கடினம். உள்ளே வரும் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்ஸருக்குப் போவது அதன் பிறவிக் குணம், எந்த ட்யூனிங்கும் அதை மாற்றாது. ஆனால் நன்றாகப் பராமரித்த புல்லட்டின் வழக்கு வேறு. 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. அந்தச் சோதனை ஐடிலில் நடக்கிறது. பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் ஆளும் எல்லை அதுதான். பிறந்த தேதியை மட்டும் பார்க்கும் விதிக்கு அந்தத் திருகைச் சரியாக வைத்தவரும் ஒன்றுதான், குண்டூசியால் ஜெட்டைக் குத்தியவரும் ஒன்றுதான். தில்லியில் வயது கடந்தவையாக எண்ணப்பட்ட சுமார் 62 லட்சம் வண்டிகளில் 41 லட்சம் இருசக்கரம் என்பதால், ஒவ்வொன்றாகப் பார்ப்பது சுலபமல்ல என்பதும் நிஜம்.

தேசியத் தலைநகர்ப் பகுதிக்கு வெளியே பதிவு செய்ய தடையில்லாச் சான்று வாங்கி வண்டியை ஊருக்கு அனுப்புவது இன்னொரு வழி. தமிழ்நாட்டுக்கு ரயில் பார்சலில் போகும். அதற்கு ரயில்வேயின் நிபந்தனை ஒன்று உண்டு: டாங்கில் பெட்ரோல் இருக்கக்கூடாது. காக்கை மூடி, கார்புரேட்டரின் அடித் திருகையும் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டால் போய்ச் சேர்ந்ததும் ஜெட்டை மறுபடி சுரண்ட வேண்டியிருக்காது.