ஒரு பாசுரம், எத்தனை பொருள்?

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் லயத்தில் முதலில் கேட்பது என் பாட்டியின் குரல்தான். தோட்டத்து மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்துக்கு முன் நின்று அன்றைய திருப்பாவைப் பாசுரத்தைப் பாடுவார். பேராவில் ஒரு ரப்பர் தோட்டம். கோயில் என்று இருந்தது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது பாசுரங்களையும் தம் தகப்பனார் பாடக் கேட்டே மனப்பாடம் செய்தவர்.

பாட்டியிடம் திருப்பாவைக்கு ஓர் உரை இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத உரை. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படித்தபோது அந்த உரை தவறு என்று அவரிடமே சொன்னவன் நான். அதைச் சொன்னதில் நான் செய்த பிழை என்ன, சமய நூல்களுக்குப் பல பொருள் சொல்லும் நம் மரபு உண்மையில் எப்படி இயங்குகிறது, சொந்த விளக்கத்துக்கு அதில் எவ்வளவு இடம் உண்டு என்பவற்றைப் பேரவைத் தம்பி தங்கைகளோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பாட்டியின் உரை

திருப்பாவையின் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை உள்ள பத்துப் பாடல்களும் துயில் எழுப்பும் பாடல்கள். நோன்புக்காக எழுந்துவிட்ட ஆயர் சிறுமியர், இன்னும் உறங்கும் தோழியரை வீடு வீடாகச் சென்று அழைக்கிறார்கள். பறவைகள் கூவிவிட்டன, தயிர் கடையும் ஓசை கேட்கிறது, நீ மட்டும் இன்னும் எழவில்லையா என்று கேலியும் உரிமையுமாகப் பேசுகிறார்கள்.

பாட்டிக்கு இது எங்கள் லயத்தின் கதை. விடிவதற்குள் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே முதலில் எழுந்த பெண் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். அவள் அதற்கு அடுத்த வீட்டை எழுப்புவாள். "ஒருத்தியை விட்டுட்டு நாம மட்டும் போயிடக் கூடாதுய்யா. அதைத்தான் ஆண்டாள் பாடியிருக்கா" என்பார் பாட்டி.

பன்னிரண்டாம் பாசுரம் அவருக்கு மிகவும் பிடித்தது. கன்றை நினைத்த எருமையின் மடியிலிருந்து பால் தானாகவே பெருகி, வீட்டுத் தரையெல்லாம் சேறாகிவிடுகிறது. வாசலில் நிற்கும் பெண்களின் தலையில் பனி விழுகிறது. நம் நாட்டில் ரப்பர் மரத்தில் வடிவதும் பால்தானே? அதிகாலைப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய், மங்கில் பால் சொட்டுவதைப் பார்த்தவர் பாட்டி. மரத்தைக் கீறிய தம் கைக்கும் அது பால் தருகிறதே என்று வியப்பார். "கன்னுக்குட்டி மேல எருமைக்கு இருக்கிற பாசம் மாதிரிதான் இதுவும்" என்பார்.

நான் படித்த உரை

பல்கலைக்கழக நூலகத்தில் திருப்பாவை உரை ஒன்று கிடைத்தது. புதிய உலகம் ஒன்று திறந்தது போல் இருந்தது. நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முழுமைக்கும் உரை கண்டவர் பெரியவாச்சான் பிள்ளை. திருப்பாவைக்கு அவர் எழுதிய உரை மூவாயிரப்படி எனப்படும். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் எழுதியது ஆறாயிரப்படி. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு ஒரு படி. முப்பது பாடல்களுக்கு ஆறாயிரம் படி உரை என்றால், ஒவ்வொரு சொல்லிலும் அவர்கள் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த உரைகளில் பொருள் அடுக்கடுக்காக வருகிறது. மேலே தெரிவது கதை: ஆயர்பாடி, சிறுமியர், நோன்பு. உள்ளே இருப்பதை வைணவ உரைமரபு ஸ்வாபதேசம் என்கிறது. உயிருக்கும் இறைவனுக்கும் அடியார்களுக்கும் உள்ள உறவைப் பற்றிய பொருள் அது. பன்னிரண்டாம் பாசுரத்தில் பால் ஏன் கறக்கப்படாமல் வழிகிறது? அந்த வீட்டு ஆயன், இராமனை விட்டுப் பிரியாத இலக்குவனைப் போல, கண்ணனை விட்டுப் பிரியாதவன். அதனால் கறக்க நேரமில்லை என்பது விளக்கம். கன்றை நினைத்துச் சுரக்கும் எருமை, மாணவனை நினைத்து இரங்கும் ஆசாரியனுக்கு உவமையாகிறது. மேலே பனி வெள்ளம், கீழே பால் வெள்ளம், நடுவே நிற்பவர் நெஞ்சில் அன்பு வெள்ளம் என்று அந்தக் காட்சியையே மூன்றாகப் பகுத்துக் காட்டுவார்கள்.

அந்த விடுமுறையில் இவற்றையெல்லாம் பாட்டியிடம் ஒப்பித்தேன். "பாட்டி, பால்னா ஆசாரியனோட அருள். நீங்க சொல்ற ரப்பர் பால் எல்லாம் அதுல கிடையாது" என்றேன். பாட்டி மறுத்துப் பேசவில்லை. "படிச்சவன் சொன்னா சரியாத்தான்ய்யா இருக்கும்" என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். அந்த மார்கழி முழுவதும் பாடினார். ஆனால் எனக்கு எந்தப் பாட்டுக்கும் விளக்கம் சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவே இல்லை. அடுத்த மார்கழிக்கு அவர் இல்லை.

ஆண்டானும் இராமானுசரும்

பல ஆண்டுகளுக்குப் பிறகு திருவாய்மொழி உரைகளைப் படிக்கத் தொடங்கியபோதுதான் என் பிழை எனக்குப் புரிந்தது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி தொடங்கி ஐந்து பழைய உரைகள் உண்டு. அவற்றுள் பெரிதும் போற்றப்படுவது ஈடு முப்பத்தாறாயிரப்படி. நம்பிள்ளை சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்தது அது. வைணவ மரபு சொல்லும் நிகழ்ச்சி ஒன்று இந்நூலோடு தொடர்புடையது.

இராமானுசர் ஆளவந்தாரிடம் நேரில் பாடம் கேட்கும் பேறு பெறாதவர். ஆகவே ஆளவந்தாரின் மாணவரான திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டார். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மூன்றாம் பாசுரம் வந்தது. அறியாத காலம், அடிமையில் அன்பு, மாயையில் வைத்தது ஆகிய மூன்றையும் ஆழ்வார் அதில் பேசுகிறார். ஆண்டான் அதைப் புலம்பலாக விளக்கினார்: உன்மேல் அன்பை உண்டாக்கிவிட்டு, பிறகு என்னை இந்த மாயையிலேயே வைத்துவிட்டாயே! இராமானுசருக்கு அது பொருந்தவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் எல்லாம் ஆழ்வாரின் மகிழ்ச்சியைச் சொல்லும்போது, நடுவில் ஒரு புலம்பல் ஏன் வரவேண்டும்? சொற்களைக் கொண்டுகூட்டும் முறையை மாற்றினார். நான் மாயையில் கிடந்த, எதுவும் அறியாத காலத்திலேயே எனக்கு அன்பைத் தந்தாயே என்று பாட்டு நன்றியாக மாறியது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

ஆண்டானுக்குக் கோபம். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் அது. விசுவாமித்திரர் படைத்த புதுச் சொர்க்கம் போன்றது என்று சொல்லிப் பாடத்தையே நிறுத்திவிட்டார். செய்தி அறிந்து வந்தவர் திருக்கோட்டியூர் நம்பி. இதே பொருளை ஆளவந்தார் சொல்லத் தாமே கேட்டிருப்பதாக அவர் சான்று கூறியபின் பாடம் மீண்டும் தொடங்கியது.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது, இராமானுசர் வென்றார் என்பதன்று. ஈடு இரண்டு பொருளையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஏற்கப்படாத பொருளையும் அழிக்காமல், இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறது. இன்று நாம் மரபு என்று வணங்கும் பொருளும் ஒரு நாள் ஒருவர் வாயிலிருந்து புதிதாக வந்து, எதிர்ப்பைச் சந்தித்ததுதான்.

அடுக்குகள் எங்கிருந்து வருகின்றன?

சில அடுக்குகளை நூலே வைத்திருக்கிறது. திருப்பாவைப் பெண்கள் தொடக்கம் முதல் கண்ணனிடம் பறை கேட்கிறார்கள். நோன்புக்கு வேண்டிய வாத்தியம் என்றே நாம் எண்ணிக்கொண்டு வருகிறோம். இருபத்தொன்பதாம் பாசுரத்தில் அவர்களே, நாங்கள் இந்தப் பறையை வாங்கிப் போக வரவில்லை, எல்லாப் பிறவியிலும் உனக்கு உறவாகி உனக்கே தொண்டு செய்யவேண்டும் என்கிறார்கள். பறைக்குப் பின்னே வேறு பொருள் உண்டு என்பதைச் சொன்னவர் உரைகாரர் இல்லை. ஆண்டாளே சொல்லிவிட்டார்.

வேறு சில அடுக்குகளை வாசகர்கள் வைத்தார்கள். பத்துத் தோழியரை எழுப்புவதைப் பத்து ஆழ்வார்களை எழுப்புவதாகக் கொள்ளும் விளக்கம் ஒன்று உண்டு. திருமங்கையாழ்வாரும் அதில் வருகிறார். அவரை ஆண்டாளுக்குப் பின் தோன்றியவராகவே மரபு வரிசைப்படுத்துகிறது. அப்படியானால் இந்த விளக்கம் வரலாற்றுச் செய்தி ஆகாது. ஆழ்வார்கள்மேல் கொண்ட அன்பால் பின்னால் வந்தவர்கள் ஏற்றிய பொருள். அதனால் அது மதிப்பிழந்துவிடவில்லை. அது எந்த வகைப் பொருள் என்று தெரிந்துகொண்டு படித்தால் போதும்.

அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. இராமானுசர் செய்ததைப் பார்த்தாலே விடை கிடைக்கும். முதலாவதாக, அவர் பாட்டின் சொற்களைத் தொட்டு மாற்றவில்லை. இரண்டாவதாக, முன்பின் பாடல்களோடு பொருத்திப் பார்த்தார். மூன்றாவதாக, தம் கருத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் பாடம் சொன்னவர் முன்னிலையில் வைத்தார். அவர் மறுப்பதையும் எதிர்கொண்டார். சொல், இடம், சபை என்று இவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். இந்த மூன்றுக்கும் முகம் கொடுக்காத சொந்த விளக்கம், நூலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சொல்பவரைப் பற்றி மட்டுமே சொல்கிறது.

பாட்டியின் உரையை இப்போது அதே தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். அவர் ஒரு சொல்லையும் மாற்றியதில்லை. நான்காம் பாசுரம் மழையை அழைப்பது. மழை பெய்து மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, கூலியும் இல்லை. ஆனாலும் பாட்டி அந்தப் பாசுரத்தை விட்டுவிட்டுப் பாடியதில்லை. முழுவதும் பாடி முடித்துவிட்டு, "ராத்திரியில பெய்யட்டும் பெருமாளே, வெள்ளனே விட்டுடட்டும்" என்று கைகூப்புவார். தமக்கு வசதியாகப் பாட்டை வளைக்காமல், பாட்டுக்குக் கீழே தம் விண்ணப்பத்தை வைத்தார். நூலுக்குப் பணிந்த வாசகர் அவர்.

பாலைப் பற்றி அவர் சொன்னதும் அப்படித்தான். ஆண்டாள் ரப்பர் மரத்தைப் பாடினார் என்று பாட்டி ஒருபோதும் சொல்லவில்லை. நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். கேட்காமலே சுரக்கும் அன்பு என்று உரைகாரர் எருமையிடம் கண்டதை, பாட்டி தாம் தினமும் தொட்ட மரத்தில் கண்டார். ஒருத்தியை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்றாரே, அது உரைகாரர்கள் பெரிதும் வற்புறுத்தும் கருத்து: இறைவனைத் தனியே சென்று அனுபவிக்காமல் அடியாரோடு கூடியே அனுபவிக்கவேண்டும். பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளே இருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் வாய்ச்சண்டை வருகிறது. முடிவில் உள்ளே இருப்பவள், குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டு இறங்கி வருகிறாள். வைணவர்கள் இந்த ஒரு பாட்டையே திருப்பாவையின் சாரமாகக் கொண்டாடுவர். அன்று என் முன் பாட்டி செய்ததும் அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. பாட்டை நான் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் அதன்படி நடந்துகொண்டார்.

அன்று நான் திருமாலையாண்டானின் இடத்தில் இருந்தேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லாத பொருள் என்பதால் மறுத்தேன். ஆண்டானுக்காவது தம் ஆசிரியரின் சொல்லைக் காக்கவேண்டும் என்ற பொறுப்பு இருந்தது. எனக்கு இருந்தது ஒரு செமஸ்டர் படிப்பு. நடுவில் வந்து திருத்தி, பாடத்தை மறுபடியும் தொடங்கி வைக்க ஒரு நம்பியும் எங்கள் வீட்டில் இல்லை. முப்பது பாசுரங்களில் நாலைந்துக்குத்தான் பாட்டியின் விளக்கம் என் நினைவில் இருக்கிறது. மீதி அவரோடு போய்விட்டது. அந்த லயமும் இன்று இல்லை. தோட்டம் முழுக்கச் செம்பனை.

தம்பி தங்கைகளே, நீங்கள் படித்த உரைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவை இல்லாமல் பாட்டியின் உரை எவ்வளவு ஆழமானது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, திருவாசகமோ திருப்பாவையோ, உங்கள் வீட்டில் யார் எதைப் பாடிக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் படித்த பொருளைச் சொல்வதற்கு முன், அவருக்கு அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஈட்டில் செய்ததைப் போல, அதையும் எழுதி வையுங்கள்.