கட்டணம் இல்லை, காவலர் இல்லை: காட்டுக்குள் டிஸ்க் கோல்ஃப்

கோல்ஃப் விளையாட மட்டை வேண்டும், பந்து வேண்டும், பெரும்பாலும் மன்ற உறுப்பியமும் வேண்டும். டிஸ்க் கோல்ஃப் விளையாட ஒரு வட்டு போதும். புல்வெளியில் நண்பர்களுடன் வீசி மகிழும் ஃபிரிஸ்பிக்கு நெருங்கிய உறவு இந்த விளையாட்டு. பந்தை அடித்துக் குழிக்குள் தள்ளுவதற்குப் பதிலாக, வட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். கோல்ஃபைப் போலவே 9 அல்லது 18 ‘குழிகள்’. குறைவான வீச்சுகளில் சுற்றை முடிப்பவரே வெற்றியாளர்.

உலகெங்கும் இன்று 15,000க்கும் அதிகமான டிஸ்க் கோல்ஃப் திடல்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது. பொதுப் பூங்காவிலோ காட்டோரத்திலோ இருக்கும் திடலுக்கு யார் வேண்டுமானாலும் வட்டுடன் வரலாம், விளையாடலாம், போகலாம். மாணவர்களை இந்த விளையாட்டு ஈர்ப்பதற்கு அதுவே முதல் காரணம். பராமரிப்பு என்று வரும்போது அந்தத் தாராளமே சிக்கலாகிவிடுகிறது. கண்ணைக் கவரும் காட்டுத் திடல்கள் சில கவனிப்பாரற்றுக் கிடப்பதன் பின்னணி இதுதான்.

கம்பத்தில் தொடங்கிய ஆட்டம்

இந்த விளையாட்டுக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பியைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய அவர், வட்டு நிலையாகப் பறப்பதற்காக அதன் மேற்பரப்பில் வளைய வடிவக் கோடுகளைச் சேர்த்தவர். 1975ல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தை ஒட்டி, ஓக் மரங்கள் அடர்ந்த இடம் அது.

தொடக்கத்தில் அங்குக் கூடைகள் இல்லை. தரையில் நட்ட கம்பங்களே இலக்கு. வட்டு கம்பத்தில் பட்டதா, உரசிச் சென்றதா, தொடவே இல்லையா என்று ஆட்டக்காரர்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. அதற்கு ஹெட்ரிக் கண்ட தீர்வுதான், வட்டைத் தடுத்து நிறுத்தும் சங்கிலிகளும் அதைத் தாங்கும் கூடையும் கொண்ட கம்பம். 1977ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வட்டு சங்கிலியில் மோதும்போது எழும் ‘சலங்’ என்ற ஓசையைக் கேட்கவே விளையாடுவதாகப் பல ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. ஹெட்ரிக் 2002ல் காலமானார். அவர் விரும்பியபடியே அவரது அஸ்தியின் ஒரு பகுதி வட்டுகளில் கலந்து வார்க்கப்பட்டது.

மரங்களே எதிராளி

திறந்த வெளியில் அமைந்த திடலில் கை பலம் உள்ளவருக்கு வாய்ப்பு அதிகம். காட்டுத் திடலில் அந்தக் கணக்கு மாறிவிடும். எறியும் மேடையில் நின்று பார்த்தால் கூடை சில வேளைகளில் கண்ணுக்கே தெரியாது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி, அதற்குப் பின்னால் ஒரு வளைவு, வளைவு முடியும் இடத்தில் தாழ்ந்த கிளை. பலத்தைக் காட்டுபவரின் வட்டு முதல் மரத்திலேயே மோதி விழும். நிதானமாக, குறிபார்த்து, குறுகிய தூரம் வீசுபவர் முன்னேறுவார்.

இதற்குள் இயற்பியல் பாடமும் இருக்கிறது. வலக்கைக்காரர் ஒருவர் உடலின் குறுக்கே கையைக் கொண்டுவந்து வீசும்போது வட்டு கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. வேகம் இருக்கும்வரை அது ஏறக்குறைய நேராகவோ சற்று வலப்புறமாகவோ செல்லும். வேகம் குறைந்ததும் காற்று அதன் முன்விளிம்பை மேலே தூக்க முயலும். சுழலும் பொருளின் இயல்பு காரணமாக அந்த விசை முன்விளிம்பை உயர்த்தாமல் வட்டை இடப்பக்கம் சாய்த்துவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் வட்டு இடப்புறம் திரும்புவது அதனால்தான். மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கூடையருகே விழும் வீச்சு மந்திரமல்ல. இந்தத் திருப்பத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வீசும் திறமை.

வட்டு விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த வீச்சு. அது புதருக்குள் இருந்தாலும் அங்கிருந்தேதான். வழியை மறைக்கும் கிளையை ஒடித்துப் பாதை அமைத்துக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. வட்டு காணாமல்போனால் தேடுவதற்கு மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு தண்டனையாகச் சேர்க்கப்படும்.

அழகுக்கு நடுவே அலட்சியம்

இந்த மூன்று நிமிட விதியின் அருமை பராமரிப்பு இல்லாத திடலில்தான் புரியும். முட்டளவு வளர்ந்த புல்லில் விழுந்த வட்டைத் தேடியே பாதி ஆட்டம் கழிந்துவிடும். அடுத்த குழி எந்தப் பக்கம் என்று காட்டும் பலகை சாய்ந்து கிடக்கும், அல்லது பலகை இருந்த இடத்தில் கம்பம் மட்டும் நிற்கும். முதல்முறை வருபவர் மூன்றாம் குழியை முடித்துவிட்டு ஏழாம் குழியின் மேடையில் போய் நிற்பார். கான்கிரீட் மேடையின் முன்விளிம்பில் மண் கரைந்து பள்ளம் விழுந்திருக்கும். ஓடிவந்து வீசுபவரின் கணுக்கால் சுளுக்கிக்கொள்ள அது போதும். கூடையின் சங்கிலிகளில் இரண்டு மூன்று அறுந்திருந்தால், சரியாகக் குறிபார்த்து வீசிய வட்டும் ஊடுருவி மறுபக்கம் விழும்.

இத்தனைக்கும் நடுவில் அந்த இடம் அழகாகவே இருக்கும். இலைகளுக்கிடையே இறங்கும் வெயில், சிற்றோடையின் சத்தம், பறவைகளின் கூவல். அதனால்தான் ஆட்டக்காரர்கள் குறைபட்டுக்கொண்டே மீண்டும் மீண்டும் வருகிறார்கள். வரும் ஒவ்வொருவரின் காலடியும் அந்த அழகில் கொஞ்சத்தை எடுத்துச் செல்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மண் இறுகினால் மரம் வாடும்

உடைந்த பலகையை மாற்றிவிடலாம். மண்ணுக்கு நேரும் சேதம் அவ்வளவு எளிதில் சரியாகாது. ஒரே தடத்தில் ஆயிரக்கணக்கானோர் நடக்கும்போது மண் துகள்கள் நெருங்கி இறுகுகின்றன. அவற்றின் நடுவே காற்றும் நீரும் தங்கியிருந்த நுண்ணிய இடைவெளிகள் மறைகின்றன. வேர்களுக்கு மூச்சுத் திணறுகிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடி மண்ணை அரித்துச் செல்கிறது. சரிவான இடங்களில் வேர்கள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. அவற்றையே படிக்கட்டாக்கி மிதித்து நடக்கிறோம்.

வேகமாக வரும் வட்டு மரப்பட்டையையும் காயப்படுத்தும். இலைகளில் தயாராகும் உணவு பட்டையின் உட்புறத் திசு வழியாகவே வேருக்குச் செல்கிறது. ஒரு வட்டால் பெரிய மரம் சாய்ந்துவிடாது. ஆனால் மேடைக்கு நேரெதிரே நிற்கும் மரம் பல ஆண்டுகளாக அடி வாங்கும்போது, காயங்களின் வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழைய வழி ஏற்படுகிறது. ஆட்டத்துக்குச் சுவை சேர்க்கும் அந்த மரமே ஆட்டத்தால் பலவீனமடைகிறது.

மூடப்பட்ட பீஸ் பூங்கா

இது வெறும் எச்சரிக்கை அன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரின் பீஸ் பூங்காவில் நடந்த கதை. மாநில ஆளுநராக இருந்த எலிஷா பீஸ் குடும்பத்தார் 1875ல் நகருக்கு அளித்த நிலம் அது. ஷோல் ஓடைக்கரையில், மரங்களின் நிழலில் அமைந்திருந்த டிஸ்க் கோல்ஃப் திடல் நகர மக்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. நகரின் மையத்துக்கு அருகில் இருந்ததாலும் கட்டணம் இல்லாததாலும் கூட்டம் ஓயவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தபின் ஓடைக்கரை மண் அரிக்கப்பட்டு, புல் மறைந்து, மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. 2011ஆம் ஆண்டு இறுதியில் திடல் மூடப்பட்டது. நகரின் வேறொரு பூங்காவில் புதிய திடல் அமைந்தது. ஆனால் ஓடைக்கரை நிழலில் விளையாடிப் பழகியவர்களுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. யாரும் அந்தத் திடலை வெறுத்து அழிக்கவில்லை. விரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை, அந்த மண் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது.

யார் பார்த்துக்கொள்வது?

பொதுப் பூங்காத் திடல்களில் புல் வெட்டுவதும் குப்பைத் தொட்டியைக் காலி செய்வதும் பெரும்பாலும் நகராட்சியின் வேலை. மற்றவற்றைப் பல இடங்களில் உள்ளூர்க் குழுக்களைச் சேர்ந்த தொண்டூழியர்களே செய்கிறார்கள். வார இறுதியில் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வந்து, தேய்ந்த தடங்களில் மரத்தூள் சில்லுகளைப் பரப்புகிறார்கள். மேடைகளை நிரவுகிறார்கள், பலகைகளை நடுகிறார்கள், அடிபடும் மரங்களுக்கு முன்னால் தடுப்புக் கம்பங்களை நிறுத்துகிறார்கள்.

எளிய உத்தி ஒன்றும் உண்டு. ஒரே குழிக்கு இரண்டு மூன்று இடங்களில் கூடையைப் பொருத்தும் வசதியைச் செய்துவைத்து, அவ்வப்போது இடம் மாற்றுகிறார்கள். நடமாட்டம் பரவுவதால் மண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆட்டக்காரர்களுக்கும் அது புதுக் குழிபோல் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், விளையாட நூறு பேர் வரும் இடத்தில் மண்வெட்டி எடுக்கப் பத்துப் பேர் வருவதே அரிது. அந்தப் பத்துப் பேர் சோர்ந்துபோனால் திடலும் சோர்ந்துபோகும்.

இங்கும் அதே கணக்குதான்

சிங்கப்பூர், மலேசிய மாணவர்களிடையே ‘அல்டிமேட் ஃபிரிஸ்பி’ பழக்கமான விளையாட்டு. வட்டைப் பிடித்துப் பழகிய கைகளுக்கு டிஸ்க் கோல்ஃப் விரைவில் வசப்படும். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவுக்கோ ஃபின்லாந்துக்கோ செல்வோர் இதை விளையாடிப் பார்க்கும் வாய்ப்பு அதிகம்.

வட்டைத் தொடாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சிங்கப்பூரின் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் யாரும் வட்டு வீசவில்லை, நடந்தார்கள். பல ஆண்டு நடமாட்டத்தால் தேய்ந்த பாதைகளைச் சீரமைக்கவும் சரிவுகளை உறுதிப்படுத்தவும் 2014 செப்டம்பரில் அது மூடப்பட்டது. இடையில் வார இறுதிகளில் ஒரு பகுதி மட்டும் திறந்திருந்தது. முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆனது. முறையான பராமரிப்பும் பணமும் உள்ள நாட்டிலேயே காடு தேறிவர ஈராண்டு பிடித்தது.

ஆகவே, திடலோ காட்டுப்பாதையோ, சில பழக்கங்களை இப்போதே வளர்த்துக்கொள்ளலாம். குறுக்கு வழி போடாமல் இருக்கும் தடத்திலேயே நடக்கலாம். ஈர மண் எளிதில் இறுகும் என்பதால் அடைமழைக்கு மறுநாள் சரிவான பாதைகளைத் தவிர்க்கலாம். உடைந்த பலகையையோ படியையோ கண்டால் படமெடுத்துப் பொறுப்பாளர்களுக்கு அனுப்பலாம். பள்ளியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொண்டூழிய நேரத்துக்கு வாய்ப்புத் தேடும்போது, நீங்கள் வழக்கமாக ஓடும், விளையாடும் இடத்தையே முதலில் நினைத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமைக் காலைப்பொழுதை அந்த இடத்துக்குத் தரும் மாணவர்கள் இருபது பேர் கிடைத்தால், பல திடல்களுக்கு அதுவே பெரிய உதவி.