எல்லை கடந்த தனியுரிமை வழக்குகளில் தரவுப் பாதுகாப்பு ஆணையங்களின் ஒத்துழைப்பு: ஐரோப்பிய ஒன்றிய நடைமுறை

முன்னுரை

ஒரு நாட்டில் தலைமையகம் கொண்ட நிறுவனம் பல நாட்டு மக்களின் தனிப்பட்ட தரவுகளைக் கையாள்கிறது. அங்கு விதிமீறல் நிகழ்ந்தால் விசாரிக்கும் அதிகாரம் எந்நாட்டு ஆணையத்திற்கு உரியது என்னும் வினா எழுகிறது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இவ்வினாவிற்கு அளிக்கும் விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

தலைமை ஆணையமும் தொடர்புடைய ஆணையங்களும்

ஒழுங்குமுறையின் 56ஆம் உறுப்பின்படி, நிறுவனத்தின் முதன்மை அலுவலகம் அமைந்துள்ள நாட்டின் ஆணையமே தலைமை ஆணையமாகும். எனினும் அது தனித்து முடிவெடுக்க இயலாது. 60ஆம் உறுப்பின்படி, தன் வரைவு முடிவைத் தொடர்புடைய பிற நாட்டு ஆணையங்களுக்கு அனுப்புதல் வேண்டும். அவை நான்கு வாரங்களுக்குள் காரணங்களுடன் மறுப்புத் தெரிவிக்கலாம். மறுப்பைத் தலைமை ஆணையம் ஏற்பின் வரைவைத் திருத்தும். ஏற்காவிடில் 65ஆம் உறுப்பின்கீழ் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் ஒப்படைக்கும். வாரியம் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் எடுக்கும் முடிவு அனைத்து ஆணையங்களையும் கட்டுப்படுத்தும்.

வாட்ஸ்அப் வழக்கு

தரவுகள் கையாளப்படும் முறையைப் பயனர்களுக்கும் பயனர் அல்லாதோருக்கும் வாட்ஸ்அப் நிறுவனம் தெளிவாக அறிவித்ததா என்பதை அயர்லாந்து ஆணையம் 2018 டிசம்பரில் விசாரிக்கத் தொடங்கியது. அதன் வரைவு 3 கோடி முதல் 5 கோடி யூரோ வரையிலான அபராதத்தை முன்மொழிந்தது. எட்டு ஆணையங்கள் மறுப்புத் தெரிவித்தன. 2021 ஜூலையில் வாரியம், அபராதத்தைக் கணக்கிடுகையில் தாய் நிறுவனக் குழுமத்தின் மொத்த விற்றுமுதலையும் கருத வேண்டும் என முடிவு செய்தது. குறைகளைக் களைவதற்கான கால அளவை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைக்கவும் பணித்தது. இறுதியில் விதிக்கப்பட்ட அபராதம் 22.5 கோடி யூரோ.

முறையீட்டாளரின் நிலை

முறையீட்டாளர் தம் நாட்டு ஆணையத்திடமே முறையிடலாம். முறையீடு தள்ளுபடியாயின், அம்முடிவை அதனைப் பெற்ற ஆணையமே பிறப்பிக்க வேண்டும். இதனால் அவர் அயல்நாட்டு நீதிமன்றத்தை நாடாமல், தம் நாட்டு நீதிமன்றத்திலேயே அம்முடிவை எதிர்க்க இயலும். எனினும் விசாரணையின் வேகம் பெரிதும் தலைமை ஆணையத்தைச் சார்ந்தே அமைகிறது. வரைவை முன்வைக்க அதற்கு ஒழுங்குமுறை திட்டவட்டமான கால வரம்பு விதிக்கவில்லை. மறுப்புக்குரிய நான்கு வாரம் வரைவு கிடைத்த பின்னரே தொடங்குகிறது. நாட்டுக்கு நாடு வேறுபடும் நிர்வாக நடைமுறைகளும் தாமதத்திற்கு இடமளிக்கின்றன. இக்குறைகளைக் களையும் நோக்கில், ஐரோப்பிய ஆணைக்குழு 2023 ஜூலையில் தனி நடைமுறை விதிகளை முன்மொழிந்தது.

முடிவுரை

இவ்வமைப்பில் விசாரணை ஓர் ஆணையத்திடம் குவிந்தாலும் முடிவெடுக்கும் பொறுப்பு பகிர்ந்தளிக்கப்படுகிறது. பிற ஆணையங்களின் மறுப்பு வெறும் சடங்கன்று என்பதை வாட்ஸ்அப் வழக்கின் அபராத வேறுபாடு புலப்படுத்துகிறது. ஆயினும் வரைவு உருவான பின்னரே அம்மறுப்பு பயன்படுகிறது. அதற்கு முந்தைய காலத்தாழ்வைத் தீர்க்க அது போதுமானதாக இல்லை.