சிறுவர் உடலில் பாதரசம்: அளவீடும் காரணிகளும்

பாதரசம் வளரும் மூளையைத் தாக்கும் தன்மையது. ஆதலின் கருவிலுள்ள சிசுவும் சிறுவரும் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படுகின்றனர். ஜப்பானின் மினமாட்டா நகரில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய் இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திற்று. நோய் தோன்றுமுன்னரே சிறுவர் எவ்வளவு பாதரசத்திற்கு ஆட்பட்டுள்ளனர் என அறிவதற்கு அளவீடு இன்றியமையாதது. ஆயின், எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே எந்தச் சிறுவர் கணக்கில் வருவர் என்பது அமையும்.

முடியும் சிறுநீரும்

நீர்நிலைகளில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் உண்ணும்தோறும் அது செறிவடைந்து, இறுதியில் உணவின் வழியே மனிதரை அடைகிறது. இதனைத் தலைமுடியும் இரத்தமும் நன்கு காட்டும். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதனைத் துண்டுகளாகப் பிரித்து ஆராய்ந்து கடந்த மாதங்களின் நிலையையும் அறியலாம். பாதரச ஆவியோ மூச்சின் வழியே உடலுள் புகுகிறது. இதனை அளப்பதற்குச் சிறுநீரே ஏற்றது.

வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபாரோ தீவுகளில் மக்கள் திமிங்கில இறைச்சி உண்பர். அங்கு 1986–87-இல் பிறந்த 1,022 குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் அளக்கப்பட்டது. பிறப்பின்போது அளவு மிகுந்திருந்த குழந்தைகள், ஏழாம் வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் பின்தங்கியிருந்தனர்.

வசதியும் வறுமையும்

ஐரோப்பாவின் 17 நாடுகளில் 2011–12-இல் 6 முதல் 11 வயது வரையுள்ள சிறுவரின் முடியும் அவர்தம் தாய்மாரின் முடியும் ஆராயப்பட்டன. மீன் மிகுதியாக உண்ணும் ஸ்பெயினில் அளவு உயர்ந்தும், ஹங்கேரியில் தாழ்ந்தும் இருந்தன. பெற்றோர் உயர்கல்வி பெற்ற குடும்பங்களில் பாதரசம் கூடுதலாகக் காணப்பட்டது. அவர்களிடம் மீனுணவு மிகுந்திருப்பது இதற்கு முக்கிய காரணமாகும். மெத்தில் பாதரசத்தைத் தடுத்தால், அறிவுத்திறன் இழப்பைத் தவிர்ப்பதன் வாயிலாக ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கு 800 முதல் 900 கோடி யூரோ பயனடையும் என 2013-இல் மதிப்பிடப்பட்டது.

சிறு தங்கச் சுரங்கங்களில் நிலைமை வேறு. அங்கு தங்கத் துகளைப் பாதரசத்துடன் கலந்து, பின்னர்ச் சூடாக்கிப் பிரிக்கின்றனர். இந்தோனேசியா, ஜிம்பாப்வே நாடுகளில் இப்பணியில் ஈடுபட்ட ஏழைச் சிறுவரின் உடலில் பாதரசம் மிகுந்திருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. முடியை மட்டும் அளக்கும் சுற்றாய்வு, ஆவியைச் சுவாசிக்கும் இத்தகைய சிறுவரின் நிலையை முழுமையாகக் காட்டாது. எனவே இடத்திற்கேற்ப முடி, சிறுநீர் ஆகிய இரண்டையும் அளப்பதோடு, உணவு, பெற்றோர் தொழில், வீட்டில் உடைந்த வெப்பமானி, சருமத்தை வெளுப்பாக்கும் களிம்பு, பல்லில் அடைத்த பாதரசக் கலவை ஆகியவை பற்றிய விவரங்களையும் திரட்டுதல் வேண்டும்.

கொள்கைக்குப் பயன்

அளவீட்டின் பயன் நடவடிக்கையிலேயே உள்ளது. ஃபாரோ தீவுகளில் கருவுற்ற பெண்கள் திமிங்கில இறைச்சியைத் தவிர்க்குமாறு 1998-இல் அறிவுறுத்தப்பட்டது. இதனால் மீனுணவையே கைவிட வேண்டும் என்பது பொருளன்று. சுறா போன்ற பெரிய மீன்களைக் குறைத்து, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உண்டால் ஊட்டமும் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும். தங்கச் சுரங்கப் பகுதிக்கோ இவ்வறிவுரை பயன்படாது. அங்கு தொழில்முறையே மாற வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை ஏற்புறுதி செய்தது. அதனை நிறைவேற்றும் திட்டங்கள், பாதரசம் எவ்வழியே எந்தச் சிறுவரை அடைகிறது என்னும் கணக்கிலிருந்து தொடங்குவதே முறையாகும்.